நாட்பட்ட பெட்ரோல்

அப்பா காலமான பின் ஏறக்குறைய இரண்டு வருஷகாலம் கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டகையில், கோணிப் படுதாவின் அடியில் நின்றிருந்த அவருடைய பழைய ஸ்கூட்டரை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியே உருட்டி வந்து சற்றே ஆட்டிப் பார்த்தபோது, டாங்கினுள் பெட்ரோல் தளும்பும் சப்தம் கேட்டது. அவர் கையால் கடைசியாகப் போட்ட பெட்ரோல் இன்னும் பாதி டாங்க் இருக்கிறது என்ற நினைவே எனக்கு ஒருவிதப் பரவசத்தைத் தந்துவிட, வேறு எதையும் யோசியாமல் பெட்ரோல் குமிழைத் திருப்பி, சோக்கை இழுத்து, உதைக்கத் தொடங்கினேன். முப்பது நாற்பது உதைகளுக்குப் பிறகு வண்டி இரண்டு தரம் இருமிற்று, கொஞ்சம் புகை கக்கிற்று, அத்துடன் மௌனமாகிவிட்டது.

சப்தம் கேட்டுத் தெருமுனைப் பட்டறையிலிருந்து வந்தார் மெக்கானிக் பெரியவர். அப்பா காலத்திலிருந்தே அந்த வண்டியைப் பார்த்துவருபவர். எங்கள் தெருவுக்கெல்லாம் அவர் ‘பாய்’. “தம்பி, உதைக்கிறதை நிறுத்துங்க. முதல்ல மூடியைத் திறந்து மோந்து பாருங்க” என்றார்.

மோந்து பார்த்தேன். புதுப் பெட்ரோலின் வாசனை மூக்கின் நுனியைச் சுருக்கென்று தைத்துவிட்டு உடனே மறைந்துவிடும். டாங்கிலிருந்து வந்ததோ, தச்சர் வேலை முடிந்து மூடாமல் போட்டுவிட்டுப் போன வார்னிஷ் டப்பாவிலிருந்து எழுவதைப் போன்ற, கனத்த, சற்றே புளித்த நாற்றம். பாய் ஒரு கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் இறக்கி வெயிலில் தூக்கிப் பிடித்தார். திரவம் நீர்த்த கஷாயத்தின் நிறத்தில் இருந்தது. அடியில் தனியாக ஒரு கலங்கல், புட்டியைச் சாய்த்தால் சாய்ந்த பக்கம் வழுக்கிக்கொண்டு ஓடிற்று. “இதைத்தான் இவ்வளவு நேரமா இஞ்சினுக்குள்ள தள்ளிக்கிட்டிருந்தீங்க” என்றார்.

பெட்ரோல் கெட்டுப்போகும் என்பதையே நம்மில் அநேகர் அறிவதில்லை. கோடானுகோடி வருஷம் பூமிக்கடியில் கிடந்த கச்சா எண்ணெயிலிருந்து வந்த வஸ்து, இரண்டு வருஷத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைக்கிறோம். ஆனால் பூமிக்கடியில் காற்று கிடையாது. சுத்திகரிப்பு ஆலையிலிருந்து புறப்பட்ட நாள்முதல் பெட்ரோலுக்குக் காற்றோடு ஓயாத சம்பந்தம் ஏற்பட்டுவிடுகிறது. தவிர, பெட்ரோல் என்பது ஒரே திரவமும் அன்று. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்கள் அதில் கூட்டுக் குடித்தனம் செய்கின்றன. முப்பது டிகிரியளவிலேயே கொதிக்கத் தொடங்குபவை முதல் இருநூறு டிகிரி வரை பொறுத்திருப்பவை வரை எல்லாம் அதில் உண்டு. பென்டேன் என்ற லேசான வஸ்து 36 டிகிரியில் கொதித்துவிடும்; சித்திரை மாதத்து மத்தியானத்தில் ஒரு தகரக் கொட்டகையின் உஷ்ணம் அதைச் சர்வ சாதாரணமாகத் தாண்டிவிடுகிறது. டாங்க் மூடியின் சின்னஞ்சிறு துவாரத்தின் வழியே முதலில் வெளியேறுகிறவை இந்த லேசான பகுதிகளே. இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது உடனே ஆவியாகிப் பற்றிக்கொள்ளும் காரியத்தைச் செய்பவையும் இவையே என்பதால், இவை போன பிறகு மிஞ்சிய பெட்ரோல் எரியக்கூடியதாகவே இருந்தாலும், எத்தனை உதைத்தாலும் வண்டி எழுந்துவர மறுக்கிறது.

எனினும் இது சிறிய தீங்குதான். பெரிய தீங்கைச் செய்வது பிராணவாயு.

இதை விளங்கிக்கொள்ள ரசாயன சாஸ்திரம் வேண்டியதில்லை. பூஜையறைக்குப் போய் நெடுநாள் துலக்காத குத்துவிளக்கின் அகலைத் தொட்டுப் பார்த்தால் போதும். எண்ணெய் வழிந்த இடமெல்லாம் பழுப்பு நிறத்தில் ஒரு பிசுக்கு இறுகிப்போயிருக்கும். விரலில் ஒட்டும், துணிக்கு வராது, புளி போட்டுத் தேய்த்தாலும் சுலபத்தில் விடாது. எண்ணெயின் மூலக்கூறுகள் காற்றிலுள்ள பிராணவாயுவைப் பற்றிக்கொண்டு, ஒன்றோடொன்று கைகோத்து, பிசினாக இறுகிவிட்டதன் விளைவு அது. பெட்ரோலிலும் ஓலிஃபின்கள் என்ற ஒரு வகை ஹைட்ரோகார்பன்கள் இதே காரியத்தைச் செய்கின்றன. உஷ்ணம் இதைத் துரிதப்படுத்துகிறது. செம்பின் ஸ்பரிசமும் துரிதப்படுத்துகிறது. ஆலையிலேயே இதைத் தடுப்பதற்கான மருந்தைச் சொற்ப அளவில் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். அந்த மருந்து தீரும்வரை பெட்ரோல் நன்றாகவே இருக்கும். தீர்ந்த பிறகு மளமளவென்று பிசின் கட்டத் தொடங்கும்.

இந்தப் பிசின் போய்ச் சேரும் இடம் கார்பரேட்டர். அதிலுள்ள ஸ்லோ ஜெட் என்ற சிறு பித்தளைத் திருகின் நடுவே ஓடும் துவாரம் பல வண்டிகளில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் ஒரு மெல்லிய ஏடு படிந்தால் போதும், வண்டி ஐடிலிங்கில் நிற்காது. நான்கு ஸ்ட்ரோக் இஞ்சின்களில் இதைவிட மோசமான ஒன்றும் நேரக்கூடும். கெட்ட பெட்ரோலில் எப்படியோ வண்டி ஓடிவிட, சூட்டில் இளகியிருந்த பிசின் வால்வின் தண்டில் படிந்து, இஞ்சின் ஆறியதும் இறுகி, மறுநாள் வால்வை நகரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அப்போது வளைவது உள்ளேயிருக்கும் இரும்பு. ஆகவே, ‘ஸ்டார்ட் ஆகிவிட்டது, இனிக் கவலையில்லை’ என்று பெருமூச்சு விடுவதற்குக் காரணமில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

புட்டியின் அடியில் ஓடிய கலங்கலுக்கு வருவோம். நம் தேசத்தில் பெட்ரோலுடன் எத்தனாலைக் கலந்து விற்பது 2022 ஜூனில் 10 சதவிகிதத்தை எட்டி, 2025-ல் 20 சதவிகிதமாயிற்று. எத்தனால் ஜலத்தின் சிநேகிதன். காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் தன்னுள் வைத்துக்கொள்ளும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. 10 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோலில் ஏறக்குறைய அரை சதவிகிதம் ஜலம் சேர்ந்துவிட்டால், எத்தனால் பெட்ரோலின் சகவாசத்தை விட்டு ஜலத்தோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடுகிறது. மேலே நிற்பது ஆக்டேன் குறைந்த பெட்ரோல். கீழே கிடப்பது ஜலமும் சாராயமும். டாங்கின் அடியிலிருந்துதான் குழாய் புறப்படுகிறது என்பதால் இஞ்சின் முதலில் குடிப்பது இந்தக் கீழ்த் தட்டையே. சமுத்திரக் காற்று வீசும் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும், மூடி சரியாகப் பொருந்தாத பழைய வண்டிகளில், இது வெகு எளிதாக நேரக்கூடியது. டாங்கின் தகடு துருப்பிடிப்பதும் இந்தத் தட்டு படும் இடத்தில்தான் ஆரம்பமாகிறது.

எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று கேட்பவர்களுக்குப் பொதுவாக இவ்வளவு சொல்லலாம். காற்றுப் புகாமல் மூடிய உலோகக் கலத்தில், நிழலில் வைத்தால் ஒரு வருஷம் வரை தாங்கும். வண்டியின் டாங்கில் ஆறு மாதம். எத்தனால் கலந்ததானால் மூன்று மாதத்துக்குப் பின் சந்தேகப்படத் தொடங்க வேண்டும். ஆனால் நாட்காட்டியைவிட மூக்கும் கண்ணும் நம்பத்தக்கவை. மூன்று நான்கு மாதமே ஆகி, வாசனையும் நிறமும் மாறாமல், அடியில் ஜலமும் இல்லையென்றால், அதைப் போல மூன்று நான்கு மடங்கு புதுப் பெட்ரோலை ஊற்றிக் கலந்து ஓட்டித் தீர்த்துவிடலாம். வார்னிஷ் நாற்றம் வந்துவிட்ட பிறகு கலப்பதில் பிரயோஜனமில்லை, நல்லதும் கெடும். பாய் எனக்குக் காட்டிய பரீட்சை ஒன்று உண்டு. பங்க்குகளில் கலப்படம் பார்க்கக் கேட்டால் தரும் ஃபில்டர் தாளில் ஒரு சொட்டு விட்டார். நல்ல பெட்ரோல் இரண்டொரு நிமிஷத்தில் சுவடு தெரியாமல் காய்ந்துபோகும். என் அப்பாவின் பெட்ரோல் பழுப்பு வளையம் ஒன்றைத் தாளில் விட்டுச் சென்றது.

இனி அதை இறக்க வேண்டும். இங்கேதான் உயிருக்கே அபாயமான தவறுகள் நடக்கின்றன. ரப்பர்க் குழாயை டாங்கில் விட்டு வாயால் உறிஞ்சுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரு மிடறு தவறி மூச்சுக்குழலில் இறங்கிவிட்டால் அது நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். யாரேனும் விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்கச் செய்வது இன்னும் பெரிய தீங்கு, ஏனெனில் திரும்பி வரும்போது அது மறுபடி மூச்சுக்குழலுக்குள் போகக்கூடும். உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதே வழி. பெட்ரோலின் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு தரையாகப் படர்ந்து, பள்ளத்தில் தேங்கி, பத்தடி தள்ளியிருக்கும் அடுப்பையோ ஊதுவத்தியையோ தேடிப் போய்ச் சேரும். பனிக்கட்டியின் குளிரிலும்கூட அது பற்றிக்கொள்ளும். ஆகையால் வீட்டுக்குள்ளோ மூடிய கொட்டகையிலோ இந்த வேலையைச் செய்யவே கூடாது. திறந்த வெளியில், காலை வேளையில், குழந்தைகளை அப்புறப்படுத்திவிட்டு, கார்பரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, குமிழைத் திறந்து, தானாக இறங்கவிட வேண்டும்.

பிடிக்கும் பாத்திரமும் முக்கியம். தண்ணீர் வாங்கின பிளாஸ்டிக் புட்டிகள் உதவா. 1934-ம் வருஷத்துப் பெட்ரோலியச் சட்டம் சொந்த உபயோகத்துக்கு லைசென்ஸ் இன்றி 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. அதற்கு அது குறிப்பிடும் பாத்திரங்கள் ஒரு லிட்டருக்கு மேற்படாத கண்ணாடி அல்லது பீங்கான், 25 லிட்டருக்கு மேற்படாத உலோகம் ஆகியவையே.

டாங்க் காலியான பிறகு உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தோம். ஒரு மூலையில் செம்மண் பூசினாற்போல் துரு. பாய் ஒரு சிறிய சங்கிலியைப் போட்டு, கொஞ்சம் புதுப் பெட்ரோல் ஊற்றி, மூடியை அடைத்துக் குழந்தையைத் தாலாட்டுவதுபோல் நெடுநேரம் ஆட்டினார். பிறகு கார்பரேட்டரைப் பிரித்தார். ஃப்ளோட் இருக்கும் கிண்ணத்தில் பழைய பெட்ரோல் வற்றி, இரண்டு ஸ்ட்ரோக் வண்டியாதலால் அதில் கலந்திருந்த அப்பா காலத்து டூ-டி ஆயிலும் சேர்ந்து, மாம்பிசின் போல் ஒட்டிக்கிடந்தது. ஸ்லோ ஜெட்டைத் தின்னரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, காற்றடித்து, சூரியனுக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார், ஒன்றுமில்லை. மறுபடி ஊறல், மறுபடி காற்று. மூன்றாம் தரம் அவர் என்னிடம் நீட்டியபோது, அந்தப் பித்தளைக்கு நடுவே ஊசிமுனையளவு வெளிச்சம் நட்சத்திரம்போல் தெரிந்தது.

“கம்பி விட்டுக் குத்தினால் சீக்கிரம் வராதா பாய்?” என்றேன்.

“வரும். ஓட்டை பெரிசாயிடும். அப்புறம் ஆயுசுக்கும் பெட்ரோல் குடிச்சுக்கிட்டே இருக்கும்” என்றார்.

மோட்டார் வண்டியின் சரித்திரத்தில் முதல் நீண்ட பிரயாணத்திலேயே இந்த அடைப்பு நேர்ந்தது என்பது எனக்குப் பிரியமான செய்தி. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மாள், கணவருக்குத் தெரிவிக்காமல், இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அவருடைய மூன்று சக்கர வண்டியை ஓட்டிச் சென்றபோது, வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொள்ள, தொப்பியில் குத்தியிருந்த ஊசியால் அதைச் சுத்தம் செய்தார் என்கிறார்கள். எரிபொருளை அவர் வாங்கியது வீஸ்லாக் என்ற ஊரின் மருந்துக் கடையில். குழாய்க்கு ஊசி பொருந்தும், ஜெட்டுக்குப் பொருந்தாது.

இக்காலத்து வண்டிகளில் கார்பரேட்டர் இல்லை; இன்ஜெக்டர்தான். அவற்றுக்கு ஓர் எச்சரிக்கை. சாவியைத் திருப்பின மாத்திரத்திலேயே டாங்கினுள் இருக்கும் பம்ப் ஓடி, கெட்ட பெட்ரோலை இன்ஜெக்டர் வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆகவே நெடுநாள் நின்ற வண்டியானால் சாவியைத் தொடுமுன் டாங்கைக் காலி செய்துவிட வேண்டும். ஃபில்டரையும் மாற்ற வேண்டும். எந்த வண்டியானாலும் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் சில சொட்டு ஆயில் விட்டு, மெதுவாக நாலு சுற்றுச் சுற்றிய பிறகே உதைப்பது நலம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, வாரம் ஒரு தரம் வண்டியை இரண்டு நிமிஷம் ஓடவிட்டு அணைத்தவர்கள் பலர். அதனால் டாங்கிலிருக்கும் பெட்ரோல் புதிதாவதில்லை. சைலன்ஸரில் ஈரம் சேர்வதுதான் மிச்சம். மாதக்கணக்கில் நிறுத்துவதானால், குமிழுள்ள வண்டியில் குமிழை மூடி, கார்பரேட்டர் வற்றித் தானாக அணையும் வரை ஓடவிடுங்கள். டாங்கை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரக் காற்றுக்கு இடம் குறையும். ஸ்டெபிலைசர் என்று விற்கும் மருந்தையும் புதுப் பெட்ரோலிலேயே சேர்க்க வேண்டும், கெட்ட பிறகு சேர்த்துப் பயனில்லை.

இறக்கிய மூன்று லிட்டரை என்ன செய்வது என்று வெகு நேரம் தகர டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். சாக்கடையில் கொட்டுவது மகா பாவம். மண்ணில் ஊற்றினால் கிணற்றுக்குப் போகும். குப்பையில் ஊற்றிக் கொளுத்தியவர்களின் முகங்கள் வெந்திருக்கின்றன. பாய் அதை வாங்கித் தம் பட்டறையின் வெளித் திண்ணையில், செயினும் பல்சக்கரமும் கழுவும் தொட்டியருகே வைத்துக்கொண்டார். பிறகு இரண்டு லிட்டர் புதுப் பெட்ரோலில் நாற்பது மில்லி ஆயிலைக் கலந்து டாங்கில் ஊற்றி, “இப்ப உதைங்க தம்பி” என்றார். மூன்றாவது உதையில் வண்டி எழுந்தது. அப்பா ஆபீஸிலிருந்து திரும்பும் மாலைகளில் தெருமுனையிலேயே கேட்கும் அதே சப்தம். உள்ளேயிருந்து அம்மா வாசலுக்கு ஓடி வந்தாள்.