முடிவு வரும் வரை...



தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த அனுபவம் உங்கள் எல்லோருக்கும் இருக்கும். எழுதும்போது இல்லாத பயம், முடிவு வரும் நாள் நெருங்க நெருங்க வந்து சேர்கிறது அல்லவா? விடைத்தாளில் இனி ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது என்று நன்றாகத் தெரியும். ஆனாலும் இரவில் தூக்கம் வருவதில்லை.

சென்ற ஆண்டு நானும் இப்படி ஒரு முடிவுக்காகக் காத்திருந்தேன். அது தேர்வு முடிவு அல்ல. என் காலிலிருந்து வெட்டி எடுத்த ஒரு சிறு துண்டுத் தோலைப் பற்றிய முடிவு.

என் இடது உள்ளங்காலில் மிளகளவு ஒரு கரும்புள்ளி இருந்தது. அது எப்போது வந்தது என்று எனக்கு நினைவில்லை. ஒரு நாள் பார்த்தால் சற்றுப் பெரிதாகி, இலேசாகத் தடித்திருந்தது. "கால் ஆணியா இருக்கும். சுண்ணாம்பு வைச்சா உதிர்ந்திடும்" என்றார் என் அம்மா. நல்ல வேளையாக நான் சுண்ணாம்பு வைக்கவில்லை. தோல் மருத்துவரிடம் காட்டினேன்.

அவர் உருப்பெருக்கிக் கண்ணாடி பொருத்திய ஒரு சிறு விளக்கை வைத்து வெகுநேரம் பார்த்தார். "பெரும்பாலும் மச்சமாகத்தான் இருக்கும் சார். ஆனால் உள்ளங்காலில் இருக்கும் கரும்புள்ளி வளர்ந்தால், வெறும் பார்வையில் முடிவு சொல்லக்கூடாது. எடுத்துச் சதைப் பரிசோதனைக்கு அனுப்பிவிடலாம்" என்றார். மரத்துப்போக ஊசி போட்டு, சில நிமிடங்களில் அதை எடுத்து, இரண்டு தையலும் போட்டுவிட்டார். "ஏழு நாள் கழித்து வாருங்கள்."

வீட்டுக்கு வந்ததும் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் கேட்டாள்: "ஏழு நாள் எதுக்குப்பா? மைக்ராஸ்கோப்பில் வைச்சுப் பார்த்தா உடனே தெரியாதா?"

இருபது ஆண்டுகளாக அறிவியல் ஆசிரியராக இருக்கும் எனக்கு அதற்கு முழு விடை தெரியவில்லை!

முதல் நாள் இரவு

எல்லோரும் தூங்கிய பிறகு கைப்பேசியை எடுத்தேன். 'உள்ளங்காலில் கரும்புள்ளி' என்று தேடினேன். சாதாரண மச்சத்தைப் பற்றி ஒரு வரி இருந்தால், மெலனோமா என்னும் தோல் புற்றுநோயைப் பற்றிப் பத்துப் பக்கம் இருந்தது. பாடகர் பாப் மார்லியின் கால்விரல் நகத்தின் கீழ் அந்த நோய் வந்தது, 1981ஆம் ஆண்டில் அவர் 36 வயதில் இறந்தார் என்ற செய்தியும் கண்ணில் பட்டது. அதன் பிறகு தூக்கம் ஏது?

படித்துப் படித்துப் பயப்படுவது கைப்பேசி வந்த பிறகு ஏற்பட்ட வழக்கம் என்று நினைக்காதீர்கள். 1889இல் ஜெரோம் கே. ஜெரோம் எழுதிய 'ஒரு படகில் மூவர்' என்ற ஆங்கில நகைச்சுவை நாவலின் தொடக்கத்தில் ஒருவர் மருத்துவ நூலைப் புரட்டுகிறார். அதில் அகர வரிசையில் சொல்லப்பட்ட நோய்களில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் தமக்கு இருப்பதாக முடிவு கட்டிவிடுகிறார்! படித்தால் சிரிப்பு வரும். நமக்கே நேரும்போது சிரிப்பு வராது. 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்?

பயம் உடம்பில் என்ன செய்கிறது?

நம் மூளையின் உட்பகுதியில், பக்கத்துக்கு ஒன்றாக, பாதாம் பருப்பு வடிவில் இரண்டு சிறு பகுதிகள் உள்ளன. அமிக்டலா என்பது அவற்றின் பெயர். ஆபத்தின் அறிகுறி தெரிந்தால் இவை எச்சரிக்கை மணி அடிக்கின்றன. உடனே சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் என்ற சுரப்பு நீரை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, செரிமானம் மந்தமாகிறது. எதிர்த்துப் போராடவும் ஓடித் தப்பவும் உடம்பு தயாராகிறது. இந்த மாறுதல்களை விரிவாக ஆராய்ந்து 1915இல் நூலாக எழுதியவர் அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன்.

நாய் துரத்தும்போது இந்த ஏற்பாடு உயிரைக் காக்கும். ஆனால் பரிசோதனைக் கூடத்தில் இருக்கும் ஒரு தோல் துண்டிடமிருந்து எங்கே ஓடுவது? ஓட வழியில்லாதபோதும் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, வயிறு பிசைகிறது. 'ஐயோ, இதுவும் நோயின் அறிகுறியோ?' என்று மனம் அதற்கும் பயப்படுகிறது. பயத்தால் வந்த படபடப்பு, பயத்துக்கே காரணமாகிவிடுகிறது. இந்தச் சுழலில் நான் இரண்டு நாள் சிக்கிக்கொண்டிருந்தேன்.

கல்லுக்கு அடியில் பாம்பு

கெட்ட செய்தி வந்துவிட்டாலாவது நிம்மதியாக இருக்கும் என்றுகூட ஒரு சமயம் எனக்குத் தோன்றியது. இது என் பைத்தியக்காரத்தனம் அல்ல என்பதைப் பிறகு ஒரு சோதனையைப் பற்றிப் படித்தபோது அறிந்துகொண்டேன்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 45 பேரை ஒரு கணினி விளையாட்டு ஆடச் சொன்னார்கள். திரையில் கற்கள் தோன்றும். கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கிறதா, இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் சுரீரென்று சிறு மின்னதிர்ச்சி விழும். ஆடுகிறவர்களின் வியர்வையையும் கண்மணி விரிவதையும் அளந்து, அவர்களுடைய மனப் பதற்றத்தைக் கணக்கிட்டார்கள். 2016இல் வெளியான முடிவு என்ன தெரியுமா? அதிர்ச்சி நிச்சயம் உண்டு என்று தெரிந்தபோது இருந்த பதற்றத்தைவிட, உண்டா இல்லையா என்பது சரிபாதியாக இருந்தபோதுதான் பதற்றம் மிக அதிகமாக இருந்தது!

ஆகவே, காத்திருக்கும்போது வரும் பயத்துக்கு நோயின் கடுமை காரணம் என்று சொல்ல முடியாது. தெரியாமை என்பதே ஒரு காரணம். அப்படியானால், தெரிந்துகொள்ளக் கூடியதைத் தெரிந்துகொள்வோமே என்று மகளின் கேள்விக்கு விடை தேடப் புறப்பட்டேன். நோய்க்கூறியல் கற்பிக்கும் என் பழைய நண்பர் ஒருவர் தம் பரிசோதனைக் கூடத்தை எனக்குச் சுற்றிக் காட்டினார்.

ஒரு துண்டின் பயணம்

வெட்டி எடுத்த திசு சும்மா இருந்தால் அழுகத் தொடங்கும். அதனால் முதலில் அதை ஃபார்மலினில் போடுகிறார்கள். 1893இல் ஃபெர்டினாண்ட் ப்ளூம் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதைக் கிருமிக்கொல்லியாகப் பயன்படுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தம் விரல் தோல் விறைத்துப்போனதைக் கவனித்தார். விரலை விறைக்கச் செய்யும் நீர், திசுவையும் கெடாமல் நிலைநிறுத்தும் அல்லவா? இது நன்றாக ஊறவே ஏறத்தாழ ஒரு நாள் ஆகும்.

அடுத்து, திசுவில் உள்ள தண்ணீரை வெளியேற்ற வேண்டும். செறிவு கூடிக்கொண்டே போகும் ஆல்கஹால் கரைசல்களில் அதை மாற்றி மாற்றி வைக்கிறார்கள். பிறகு சைலீன் என்ற திரவம். அதன்பின் உருகிய பாரஃபின் மெழுகு. தண்ணீர் இருந்த இடமெல்லாம் மெழுகு புகுந்து உறைகிறது. மெழுகு எதற்கு? மென்மையான திசுவை மெல்லியதாகச் சீவ முடியாது. மெழுகுக் கட்டியானால் சீவலாம்.

எவ்வளவு மெல்லியதாக? 4 அல்லது 5 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அப்படியானால் பதினைந்து சீவல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் ஒரு முடியின் தடிமன் வரும்! அந்தச் சீவலை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, சுருக்கமில்லாமல் கண்ணாடித் தகட்டில் ஏந்துகிறார்கள்.

இன்னும் வேலை முடியவில்லை. திசு ஏறக்குறைய நிறமற்றது. நுண்ணோக்கியில் வைத்தாலும் எதுவும் தெளிவாகத் தெரியாது. எனவே சாயம் ஏற்றுகிறார்கள். ஹெமடாக்சிலின், நடு அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் கட்டையிலிருந்து கிடைக்கும் சாயம். அது செல்லின் உட்கருவை நீல ஊதாவாக்கும். ஈயோசின் என்ற மற்றொரு சாயம் மீதிப் பகுதியை இளஞ்சிவப்பாக்கும்.

இதன் பிறகுதான் நோய்க்கூறியல் மருத்துவர் பார்க்கிறார். செல்கள் ஒழுங்காக அடுக்கியிருக்கின்றனவா? உட்கரு அளவுக்கு மீறிப் பெருத்திருக்கிறதா? செல்கள் கட்டுப்பாடின்றிப் பிரிகின்றனவா? எல்லை தாண்டி ஆழமாக ஊடுருவியிருக்கின்றனவா? ஐயம் இருந்தால் இன்னும் ஆழத்தில் சீவிப் பார்ப்பார். சிறப்புச் சாயங்கள் ஏற்றச் சொல்வார். மற்றொரு மருத்துவரின் கருத்தையும் கேட்பார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் இவ்வளவையும் சொன்னேன். "அப்போ அவங்க சும்மா வைச்சிருக்கலை. தினமும் ஏதோ செய்துக்கிட்டுத்தான் இருக்காங்க!" என்றாள். அன்று இரவு ஓரளவு தூங்கினேன்.

பயத்துக்கு ஒரு நேரம்

ஆனாலும் பயம் முழுவதும் போய்விடவில்லை. நான் கடைப்பிடித்த சில வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, கைப்பேசியில் தேடுவதை நிறுத்தினேன். ஒவ்வொரு முறை தேடும்போதும் சிறிது ஆறுதல் கிடைக்கும். கால் மணி நேரத்தில் அது கரைந்துவிடும். மறுபடி தேடத் தோன்றும். "ஒன்றுமிருக்காதுதானே?" என்று வீட்டாரைத் திரும்பத் திரும்பக் கேட்பதும் இதே வகைதான். சொறியச் சொறிய அரிப்பு கூடுவது போல, உறுதி கேட்கக் கேட்க ஐயம் கூடும். கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி, மருத்துவரிடம் கேட்க வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது, கவலைக்கு நேரம் ஒதுக்கினேன். சிரிக்காதீர்கள்! அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்க்கோவெக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 1983இல் வெளியிட்ட முறை இது. நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரை மணி மட்டும் கவலைப்பட வேண்டும். மற்ற நேரத்தில் கவலை வந்தால், 'மாலை ஆறு மணிக்கு வா' என்று அனுப்பிவிட வேண்டும். ஆறு மணிக்கு உட்கார்ந்தால் சில நாள்களில் பத்து நிமிடத்துக்குக்கூட என்னிடம் கவலை இருப்பில் இல்லை.

மூன்றாவது, மூச்சு. இதை நீங்களும் செய்து பார்க்கலாம்.

செய்து பாருங்கள்: அமைதியாக உட்காருங்கள். மணிக்கட்டில் கட்டைவிரலுக்குக் கீழே, மற்றொரு கையின் இரு விரல்களை வைத்து நாடித் துடிப்பைக் கண்டுபிடியுங்கள். நான்கு எண்ணும் வரை மெல்ல மூச்சை இழுங்கள். ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். மூச்சை உள்ளிழுக்கும்போது நாடி சற்று விரைவதையும், வெளியே விடும்போது சற்றுத் தணிவதையும் உணர்வீர்கள். மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பு, மூச்சு வெளியேறும்போது இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது. அட்ரினலினை நம் விருப்பப்படி நிறுத்த முடியாது. மூச்சை மெதுவாக்க முடியும். அதன் வழியே இதயத்தையும் சற்று அமைதிப்படுத்த முடியும்.

ஏழாம் நாள்

ஏழாம் நாள் காலை தொலைபேசி மணி அடித்தது. "இன்னும் இரண்டு நாள் ஆகும் சார். ஆழத்தில் சில சீவல்கள் எடுத்துப் பார்க்க வேண்டுமாம்."

நெஞ்சு திக்கென்றது. தாமதம் என்றாலே கெட்ட செய்திதான் என்று மனம் உடனே முடிவு கட்டியது. அருகில் நின்ற மகள் என் முகத்தைப் பார்த்தாள். "நீங்கதானேப்பா சொன்னீங்க, ஐயம் தீரப் பார்க்கிறதுக்குத்தான் இன்னொரு தடவை சீவுவாங்கன்னு?" உண்மைதான். தாமதம் என்பது கவனத்தின் அடையாளம். அது முடிவின் அடையாளம் ஆகாது.

ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. மெலனின் என்ற நிறமியை உண்டாக்கும் செல்கள் ஓரிடத்தில் கூடிய, தீங்கற்ற மச்சம்.

முடிவு வேறுவிதமாக இருந்திருந்தால்? அந்த ஒன்பது நாளும் நான் அழுது தீர்த்திருந்தாலும் அது மாறியிருக்காது. ஆனால் பயந்து மருத்துவரிடம் போகாமலே இருந்திருந்தால் நிலைமை மாறியிருக்கும், மோசமாக மாறியிருக்கும். மெலனோமாவைத் தோலின் மேலடுக்கோடு இருக்கும்போதே கண்டுபிடித்து வெட்டி எடுத்துவிட்டால், பெரும்பாலோர் முழுக் குணம் அடைகின்றனர்.

நம்மைப் போன்ற கருநிறத் தோல் உடையவர்களுக்கு இந்நோய் அரிது. வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வருவது அதிகம். கவனிக்க ஐந்து அடையாளங்கள் உண்டு: இரு பாதிகளும் ஒத்திராமை, ஒழுங்கற்ற ஓரம், ஒன்றுக்கு மேற்பட்ட நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குறுக்களவு, நாளடைவில் மாறுதல். இவற்றில் ஒன்று இருப்பதாலேயே நோய் என்று பொருள் அல்ல; மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்றுதான் பொருள். மருவையோ மச்சத்தையோ நூல் கட்டி அறுப்பது, சுண்ணாம்பு தடவுவது எல்லாம் வேண்டாம்.

உங்கள் வீட்டிலும் அம்மாவோ தாத்தாவோ என்றாவது இப்படி ஒரு முடிவுக்காகக் காத்திருக்கலாம். 'பயப்படாதே' என்று சொன்னால் பயம் போய்விடாது. அந்தத் துண்டு இப்போது மெழுகில் இருக்கிறதா, சாயத்தில் இருக்கிறதா என்று அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். பல வாரங்கள் ஆகியும் பயம் தூக்கத்தையும் உணவையும் கெடுத்துக்கொண்டே இருந்தால், அதற்கும் மருத்துவரின் உதவி உண்டு. காலில் வந்த புள்ளியைக் காட்ட வெட்கப்படாத நாம், மனத்தில் வந்த பயத்தைக் காட்ட ஏன் வெட்கப்பட வேண்டும்?