இணையப் பணிக்களம்

ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் காலணி செய்யும் தொழிலகங்கள் பல உள. அங்கே புதியதொரு காலணியைச் செய்யப் புகுவோர், நல்ல தோலை எடுத்தவுடன் வெட்டிவிடுவதில்லை. முதலில் அட்டையில் அளவு வெட்டுவர். மாதிரியாக ஓர் இணை தைத்துப் பார்ப்பர். பிழை கண்டால் அட்டையைத் திருத்துவர். வெட்டிய தோலை மீண்டும் ஒட்டவைத்தல் இயலாது அன்றோ? இணையப் பக்கம் ஆக்குவோர்க்கும் இத்தகைய முன்னேற்பாடு இன்றியமையாதது. அதனை ஈண்டுக் காண்போம்.

கணிப்பொறிக்கு நாம் எழுதித் தரும் கட்டளைத் தொகுதியை நிரல் என்பர். நிரலே இணையப் பக்கமாகத் தோற்றம் பெறுகின்றது. நிரல் எழுதுவோர்க்கு நான்கு கருவிகள் வேண்டும். முதலாவது, நிரலைத் தட்டச்சுச் செய்தற்குரிய எழுதுகருவி. விஷுவல் ஸ்டுடியோ கோடு போன்றவை விலையின்றியே கிடைக்கின்றன. இரண்டாவது, பக்கத்தைத் திறந்து காட்டும் உலாவி. மேசைக் கணிப்பொறியில் குரோம், பயர்பாக்ஸ் முதலிய உலாவிகளைத் திறந்து எஃப் 12 என்னும் விசையை அழுத்தினால், நிரலின் பிழைகளைக் காட்டும் பலகை தோன்றும். மூன்றாவது, நம் கணிப்பொறிக்குள்ளேயே இயங்கும் வழங்கி. பக்கம் ஊரார் கண்ணிற் படுமுன் நாம் மட்டும் அதனைச் சோதித்துப் பார்க்க இது உதவும். நான்காவது, திருத்தங்களை வரிசையாகக் காத்துவைக்கும் பதிவேடு. 2005 ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் ஆக்கிய கிட் என்னும் மென்பொருள் இப்பணியைச் செய்கின்றது. இன்று செய்த திருத்தம் தவறாயின், நேற்றுப் பதிந்த நிலைக்கு மீளலாம். வெட்டிய தோல் ஒட்டாது. பதிந்துவைத்த நிரலோ மீளும்.

இக்கருவிகள் எம்மொழியார்க்கும் பொதுவானவை. தமிழில் பக்கம் ஆக்குவோர் சிறப்பாக அறிய வேண்டுவது ஒன்றுண்டு. அஃது எழுத்தை எண்ணும் முறையாகும்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் ஒருங்குறி, 1991 இல் வெளிவந்த முதற்பதிப்பிலேயே தமிழுக்கும் இடமளித்தது. ஆயினும், நம் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் அதில் இல்லை. ரகர மெய்யோடு அகரம் சேர்ந்து ரகர உயிர்மெய் ஆகும் என்பது இலக்கணம். ஒருங்குறியிலோ உயிர்மெய்யாகிய ரகரமே முதல்; அதனோடு புள்ளி சேர்ந்தால் மெய்யாகும். ஆகவே, ‘வேலூர்’ என்னும் சொல்லை நாம் மூன்றெழுத்து என்போம். கணிப்பொறியோ வகரம், ஏகாரக் குறி, லகரம், ஊகாரக் குறி, ரகரம், புள்ளி என ஆறாக எண்ணும்.

இதனால் விளையும் இடர் யாது? ஊர்ப்பெயருக்கு ஐந்து இடமே தரும் படிவம் ஒன்றை ஒருவர் அமைப்பதாகக் கொள்வோம். மூன்றெழுத்துச் சொல்லுக்கு அது தாராளம் என்று அவர் எண்ணுவார். ஆனால், ஆறாவதாகிய புள்ளி வெட்டுண்டு ‘வேலூர’ என நிற்கும். ஊர்ப்பெயரில் இது நேர்ந்தால் நகைப்பிற்கு இடமாகும். ஒரு மாணவர் பெயரில் நேர்ந்து, அது பள்ளிச் சான்றிதழோடு பொருந்தாது போயின், அவரும் பெற்றோரும் அலுவலகந்தோறும் அலைய நேரிடும்.

இதனைத் தவிர்க்கும் வழிகள் எளியவை. கோப்பை யூ.டி.எஃப்-8 என்னும் முறையில் சேமித்து, அதனைப் பக்கத்தின் தலைப்பகுதியிலேயே அறிவித்தல் வேண்டும். அறிவியாவிடின், தமிழெழுத்துக்கு மாறாகப் பொருளற்ற குறிகள் தோன்றக்கூடும். இம்முறையில் மேற்கூறிய ஆறு குறிகளும் குறியொன்றுக்கு மூன்று பைட்டாகப் பதினெட்டுப் பைட்டு இடம் கொள்ளும்; ஆதலின், பெயருக்குரிய இடத்தைத் தாராளமாக வகுத்தல் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்து, உடனே சோதித்துப் பதிதல் வேண்டும். சோதனைக்கு ஆங்கிலப் பெயர்களை மட்டும் இடாமல், ஆம்பூர், வாணியம்பாடி, கொணவட்டம் போன்ற பெயர்களையும் இட்டுப் பார்த்தல் வேண்டும்.

மாணவர்களே! உங்கள் பெயரை எழுதி, இலக்கண முறையிலும் கணிப்பொறி முறையிலும் எண்ணிப் பாருங்கள். நாளை நீங்கள் ஆக்கும் பக்கத்தில் எவர் பெயரும் புள்ளியிழந்து நில்லாதிருக்க, அப்பயிற்சி துணைசெய்யும்.