புகையை விட்டால் மாத்திரையையும் குறைக்க வேண்டுமா?

மனச்சிதைவு நோய்க்குக் குளோசபின் சாப்பிடுபவர் சிகரெட்டை நிறுத்தினால், அதுவரை சரியாக இருந்த மாத்திரையே அளவு மீறிப்போகலாம். ஏன்?

சிகரெட் புகையிலுள்ள தார்ப் பொருட்கள் கல்லீரலில் சிஒய்பி1ஏ2 என்னும் நொதியைத் தூண்டுகின்றன. குளோசபினைச் சிதைப்பது முக்கியமாக இந்த நொதிதான். புகை நின்ற சில நாட்களிலேயே அதன் வேகம் தணியும். ரத்தத்தில் மருந்து ஏறும். தூக்கக் கலக்கம், எச்சில் வடிதல், மிஞ்சினால் வலிப்புகூட வரலாம். அதனால் மருத்துவர் ரத்தத்தைப் பரிசோதித்து மாத்திரையைக் குறைப்பார். வேடிக்கை என்னவென்றால், இதில் நிகோடினுக்குப் பங்கில்லை. நிகோடின் பேட்ச் ஒட்டியிருந்தாலும் நொதி தணியத்தான் செய்யும்.

அதற்காக, ‘பாவம், அவருக்கிருக்கும் ஒரே ஆறுதல்’ என்று அவரைப் புகைக்க விட்டுவிடுவது கருணையல்ல. இங்கிலாந்தில் புகைபிடிக்கும் மனநோயாளிகள் 526 பேரிடம் நடந்த ஸ்கிமிட்டார் பிளஸ் ஆய்வு 2019இல் வெளியானது. பயிற்சி பெற்ற மனநலப் பணியாளர்கள் வீடு தேடிப் போனார்கள். சிகரெட்டைப் படிப்படியாகக் குறைக்கவும் இடம் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் விட்டவர்கள் 14 சதவீதம். வழக்கமான உதவி பெற்றவர்களில் 6. ஓராண்டில் இடைவெளி சுருங்கியது: 15, 10.