கழுநீர்த் தொட்டி இருந்த வீடு

என் சிறுவயதில் எங்கள் வீட்டில் ரொட்டி வந்தால் யாருக்கோ காய்ச்சல் என்று பொருள். அப்பா கடைத்தெருவிலிருந்து மெழுகுத்தாள் சுற்றிய பிரெட் வாங்கி வருவார். பாலில் நனைத்து நான்கு துண்டு நான் தின்பேன். மிச்சத்தை அண்ணனும் தங்கையும் காய்ச்சல் இல்லாமலே தின்று தீர்ப்பார்கள். அதை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று யாரும் யோசித்ததில்லை. மறுநாள் வரை இருந்தால்தானே!

இன்று சென்னையில் ஞாயிறுதோறும் வீட்டிலேயே ரொட்டி சுடுகிறோம். 2020 ஊரடங்கில் தொற்றிக்கொண்ட பழக்கம். தெருக்கடையில் ஈஸ்ட் தீர்ந்துபோனதால் கோதுமை மாவையும் தண்ணீரையும் கலந்து புளிக்கவைத்து, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வளர்க்கத் தொடங்கினோம். கடை ரொட்டியில் பூஞ்சையைத் தடுக்கக் கால்சியம் புரோபியோனேட் சேர்ப்பார்கள். எங்களுடையதில் மாவு, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். இந்த ஊர்ப் புழுக்கத்தில் மூன்றாம் நாள் அடிப்பக்கம் பச்சை பூத்துவிடும்.

முதலில் ஃபிரிட்ஜில் வைத்தேன். பூஞ்சை வரவில்லை, மறுநாளே ரொட்டி அட்டையாகிவிட்டது. வெந்த மாவுச்சத்து மறுபடி இறுகுவது, உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில்தான் மிக வேகமாக நடக்கும். ஃபிரிட்ஜில் வைத்த சோறு விறைத்துப்போவதும் இதனால்தான். சோற்றில் தெரிந்திருந்த சங்கதி, ரொட்டி என்றதும் எனக்கு மறந்துவிட்டது. இப்போது நன்றாக ஆறவிடுகிறோம்; சூட்டோடு மூடினால் வியர்த்துப் பூஞ்சைக்கு வழிவிடும். முதல் நாளைக்குப் பழைய வேட்டித் துணியில் சுற்றி வைப்பது. மீதியைத் துண்டுபோட்டு மைனஸ் 18 டிகிரி ஃபிரீசருக்குள். வேண்டும்போது இரண்டு துண்டை எடுத்து நேரே தோசைக்கல்லில் போட்டால், அன்று சுட்டதற்குப் பக்கத்தில் வந்துவிடும்.

ரொட்டியோடு கூடவே ஈயும் வந்தது. பாட்டில் வாயில் கட்டிய துணியின் சுருக்கத்தில் ஒருநாள் நாலைந்து உட்கார்ந்திருந்தன. எள்ளளவு உடம்பு, சிவந்த கண். பழ ஈ. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மோர்கன் பால் பாட்டில்களில் வாழைப்பழம் போட்டு வளர்த்தது இதைத்தான்; 1910இல் அந்த ஈக் கூட்டத்தில் கண் வெளுத்த ஒன்றைக் கண்டு தொடர்ந்த ஆய்வு, 1933இல் நோபல் பரிசு வரை போனது. சுருக்கில் பெருகுவதால் ஆய்வகத்துக்கு அது உகந்தது. அடுக்களைக்குத் தொல்லையும் அதுவே. 25 டிகிரி சூட்டில் முட்டை ஈயாகப் பத்து நாள் போதும். ஒரு பெண் ஈ வாழ்நாளில் 400 முட்டைகூட இடும். பழத்தைவிட அதில் புளிக்கும் ஈஸ்ட்தான் அதற்கு முக்கியம். நாங்கள் பாட்டிலில் பார்த்துப் பார்த்து வளர்த்தது அதன் சாப்பாட்டை.

ஊர் வீட்டில் புளிப்புக்கு என்ன குறை? மோர்ப்பானை, இட்லி மாவு, பழைய சோறு, நடையில் தொங்கும் வாழைத்தார். ஆனாலும் இந்த ஈ அங்கே மொய்த்ததாக நினைவில்லை. (கொல்லையில் மாட்டு ஈ அப்பிக்கிடந்ததைச் சொல்லாவிட்டால் பொய்யாகும்.) பூனைக்கு எட்டாமல் உறி இருந்தது. வலை பீரோவின் நான்கு கால்களும் தண்ணீர்க் கிண்ணங்களில் நின்றன, அது எறும்புக்கு. பழ ஈக்கு என்று தனியாக ஏற்பாடு ஒன்றும் இல்லை. கொல்லையில் ஒரு கல் தொட்டி இருந்தது. அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி, காய்த்தோல், பழத்தோல் எல்லாம் அதில் விழும். சாயங்காலம் மாடு உறிஞ்சிவிடும். முட்டை ஈயாகப் பத்து நாள் வேண்டும்; எங்கள் வீட்டு வாழைப்பழத் தோலுக்குப் பத்து மணி நேர ஆயுள்கூட இல்லை.

அந்தத் தொட்டியைத் தினமும் தேய்த்துக் கழுவியவள் அம்மா. விடியுமுன் எழுந்து சாணி அள்ளியவளும் அவள்தான். அதை நினைக்கும்போது என் ஏக்கம் கொஞ்சம் கூசிப்போகிறது. மாட்டை விற்ற அன்று அவள் அழுதாள். மறுநாள் ஆறு மணி வரை தூங்கினாள்.

இப்போது எங்கள் அடுக்களை மேடையில் ஒரு டம்ளர் நிற்கிறது. கொஞ்சம் வினிகர், அதில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். வினிகர் வாசனைக்கு ஈ இறங்கும். சோப்பு கலந்த நீர்ப்பரப்பு அதைத் தாங்காது, மூழ்கிவிடும். புளித்த மாவுப் பாட்டிலுக்குத் திருகு மூடி வந்துவிட்டது, லேசாகத்தான் திருகுவோம். வாழைப்பழம் வந்ததும் கழுவப்படுகிறது. ஆனால் இவற்றையெல்லாம்விட வேலை செய்தது காய்த்தோலும் பழத்தோலும் போடும் வாளியை இரவே அடுப்படியிலிருந்து அகற்றியதுதான். எட்டு மணிக்கு அதை மூடிபோட்டுப் பால்கனியில் வைக்கிறேன். மாநகராட்சி வண்டி காலை ஏழு மணிக்கு வரும்.