கொழும்பை அடையாத கண்ணிகள்

பதுளைக்கும் கடலுக்கும் இடையே மலைகள் பல உண்டு. ஆயினும் ஊவாத் தோட்டங்களின் வாழ்வு கடலையே நம்பியிருந்தது. அங்கே பறித்த கொழுந்து தேயிலையாகிப் புகையிரதமேறிக் கொழும்புத் துறைமுகத்தை அடையும். லயன்களில் உலையேறிய அரிசியிற் பெரும்பங்கு, பர்மாவிலிருந்து அதே துறைமுகத்தின் வழியாக வந்தது. ஆகவே, துறைமுக வாயிலை அடைப்பவன் மலைநாட்டு அடுப்பையும் அணைக்க வல்லவனாவான்.

முதலாம் உலகப் போரிலேயே இது விளங்கிற்று. வணிகக் கப்பல்போல் வேடமிட்ட 'வோல்ஃப்' என்னும் ஜேர்மானியக் கப்பல், 1917 பெப்ரவரியிற் கொழும்புக்கு அப்பால் இரகசியமாகக் கண்ணிகளை இட்டுச் சென்றது. அம்மாதமே 'வூஸ்டர்ஷயர்', 'பெர்சியஸ்' என்னும் இரு கப்பல்கள் அவற்றில் மோதி மூழ்கின.

இரண்டாம் உலகப் போரில் இவ்வேலைக்கென்றே ஜேர்மனி நீர்மூழ்கிகளைக் கட்டியது. அவற்றுள் ஒன்று யூ-219. ஏறத்தாழ 90 மீற்றர் நீளமுடைய அது, 30 செங்குத்துக் குழாய்களில் 66 கண்ணிகளைச் சுமக்க வல்லது. நங்கூரத்திற் பிணைப்புண்டு நீருக்குள் நிற்கும் அக்கண்ணிகள், இரும்புக் கப்பல் அருகே வந்தால் அதன் காந்தப் புலத்தை உணர்ந்து வெடிக்கும்.

1943 அக்டோபரில் யூ-219 புறப்பட்டது. கேப்டவுனுக்கும் கொழும்புக்கும் அப்பாற் கண்ணியிடுவதே அதற்கிட்ட பணி. அக்காலத்தில் இலங்கையின் நிலை என்ன? 1942-இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியமையால் பர்மா அரிசி நின்றுபோயிற்று. அரிசி பங்கீட்டுக்கு உட்பட்டது. அதற்கு ஈடாகத் தோட்டங்களுக்குக் கிடைத்த கோதுமை மாவும் கப்பலிலேயே வரவேண்டியிருந்தது. அந்நிலையிற் கொழும்பின் வாயிலிற் கண்ணிகள் விழுந்திருப்பின், பசி முதலில் லயன்களையே தீண்டியிருக்கும்.

அவை விழவில்லை. நீர்மூழ்கிகளுக்கு எண்ணெய் வழங்கிய ஜேர்மானியக் கலங்கள் பலவற்றை நேசநாட்டு விமானங்கள் அத்திலாந்திக்கில் மூழ்கடித்திருந்தன. எனவே யூ-219 எண்ணெய் வழங்கும் பணிக்கு மாற்றப்பட்டு, 1944 ஜனவரியில் பிரான்சின் போர்தோத் துறைமுகத்தை அடைந்தது. பின்னர் சரக்கேற்றிக் கீழ்த்திசைக்குப் புறப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் இன்றைய ஜகார்த்தாவாகிய பத்தாவியாவைச் சேர்ந்தது. 1945 மே மாதம் ஜேர்மனி பணிந்தபின் யப்பானியர் அதனை எடுத்துக்கொண்டனர். 1946-இல் அது சுண்டா நீரிணையில் மூழ்கடிக்கப்பட்டது.

எங்கோ அத்திலாந்திக்கில் நேர்ந்த எண்ணெய்த் தட்டுப்பாடு, கொழும்பின் கடல்வழியைக் காத்தது. பதுளைத் தோட்டத்திலே கொழுந்து பறித்தவர்கள், தம் அடுப்புக்கு வரவிருந்த அந்த ஆபத்தை அறிந்திருக்க வழியில்லை.