அளவுகோலும் ஆட்சிப் பொறுப்பும்



காவிரிக் கழனிகளின் கிழக்கு ஓரத்தில், வங்கக் கடலுக்கு அண்மையில் அமைந்திருக்கிறது திருக்கடையூர். இந்துச் சகோதரர்கள் அறுபதாம் ஆண்டு நிறைவையும் எண்பதாம் ஆண்டு நிறைவையும் கொண்டாட இங்கே வந்து கூடுவது வழக்கம். மேட்டூரில் திறக்கப்படும் நீர், கல்லணையைக் கடந்து, ஆறுகளாகவும் வாய்க்கால்களாகவும் பலவாறு பிரிந்து, கடைசியில் வந்து சேரும் கடைமடைப் பகுதியும் இதுவே.

இவ்வூர்ப் பேருந்து நிறுத்தத்தில் சில மாதங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவரைச் சந்தித்தேன். ஸலாம் கூறியபின் கவலையோடு கேட்டார்: “ஹஜ்ரத், மகன் இன்ஜினீயரிங் முடித்துவிட்டான். இப்போது கலெக்டர் பரீட்சை எழுதப் போகிறேன் என்கிறான். நிலத்தை அடகு வைத்துப் படிக்க வைத்த நாலு வருடப் படிப்பு வீண்தானா?”

இந்தக் கேள்வி இன்று பல இல்லங்களில் எழுகிறது. குடிமைப் பணித் தேர்வில் வெற்றி பெறுவோரில் பொறியியல் பட்டதாரிகள் பெரும் பங்கினராக இருப்பதை நாம் காண்கிறோம். படித்தது ஒன்று, பார்ப்பது வேறொன்று என்று பெற்றோர் வருந்துவது இயல்பே. அந்தச் சகோதரருக்கு நான் விடையாகச் சொன்னது ஒரு மனிதரின் வரலாறு. அவர் நம் வயல்களோடு நெருங்கிய தொடர்புடையவர். அவர்தாம் சர். எம். விஸ்வேஸ்வரய்யா.

உதவித்தொகையால் உயர்ந்தவர்

மைசூர் அரசின் எல்லைக்குள் இருந்த முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில் பிறந்த அவர், இளம் வயதிலேயே தந்தையை இழந்தார். பெங்களூரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, அந்த வருவாயில் கல்லூரிப் படிப்பை முடித்தார். பின்னர் மைசூர் அரசு வழங்கிய உதவித்தொகையால் புனே நகரில் பொறியியல் கற்று, 1884-ஆம் ஆண்டில் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளரானார்.

அணை, குடிநீர், பாசனம் ஆகியவையே அவருடைய களங்கள். புனேக்கு அருகிலுள்ள கடக்வாஸ்லா அணையில், வெள்ளம் குறித்த அளவைத் தாண்டினால் தாமே திறந்துகொள்ளும் கதவுகளை 1903-இல் அமைத்தார். அணைச் சுவரை உயர்த்தாமலேயே அதிக நீரைத் தேக்க அவை உதவின. பாசனத்தில் அவர் கொண்டுவந்த வட்டார முறை மேலும் கருதத்தக்கது. வாய்க்காலுக்கு அருகில் இருப்போரே நீரை அள்ளிக்கொள்ளும் நிலையை மாற்றி, நிலங்களை வட்டாரங்களாகப் பிரித்து, பயிர்களை மாற்றி மாற்றிச் செய்வித்து, பல கிராமங்களுக்கும் நீர் பரவச் செய்யும் ஏற்பாடு அது. கடைமடையில் வாழும் நமக்கு இதன் அருமை நன்கு விளங்கும்.

அக்காலத்தில் தலைமைப் பொறியாளர் பதவியை இந்தியர் எட்டுவது மிக அரிது. 1908-இல் அவர் பம்பாய்ப் பணியிலிருந்து விலகினார். அதே ஆண்டு மூசி நதி வெள்ளம் ஹைதராபாத் நகரில் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. நிஜாம் அரசு அவரை அழைத்து ஆலோசனை கேட்டது. பின்னர் எழுந்த உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஆகிய நீர்த்தேக்கங்கள் அந்த ஆலோசனையின் விளைவுகள். அந்த ஹைதராபாத்திலேயே நவாப் அலி நவாஸ் ஜங் என்னும் பொறியாளர் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராகவும் அரசுச் செயலாளராகவும் உயர்ந்து, மஞ்சிரா நதியின் குறுக்கே 1931-இல் நிறைவெய்திய நிஜாம் சாகர் அணையைத் தந்தார் என்பதையும் நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

திவானும் காவிரியும்

1909-இல் மைசூரின் தலைமைப் பொறியாளரான விஸ்வேஸ்வரய்யா, 1912-இல் அந்த அரசின் திவானானார். மைசூர் வங்கி 1913-இலும், மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916-இலும், பெங்களூர் பொறியியற் கல்லூரி 1917-இலும் தோன்றின. கணக்கிட்டுத் திட்டமிடும் பொறியாளரின் பழக்கம் ஆட்சி முழுவதிலும் பரவியது.

அவருடைய பெருந்திட்டமான கிருஷ்ணராஜ சாகர் அணையின் வேலை 1911-இல் தொடங்கியது. சிமெண்டுக்குப் பதிலாகச் சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த சுர்க்கிச் சாந்தினால் கட்டப்பட்ட அந்த அணை ஏறத்தாழ 49 டி.எம்.சி. நீரைத் தேக்கவல்லது. திவான் சர். மிர்ஸா இஸ்மாயில் காலத்தில் அது நிறைவெய்தியது. மாண்டியா வயல்கள் செழித்தன.

ஆனால் மேலே தேக்கினால் கீழே என்ன ஆகும் என்று தஞ்சை விவசாயிகள் அஞ்சினர். சென்னை அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. நடுவர் விசாரணையும் மேல்முறையீடும் நடந்து, 1924-இல் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன் பயனாகவே நமக்கு மேட்டூர் அணை கிடைத்தது. 1934-இல் திறக்கப்பட்ட அதன் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஆயினும் வழக்கு ஓயவில்லை. 1990-இல் நடுவர் மன்றம் அமைந்தது. 2007-இல் அது இறுதித் தீர்ப்பளித்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என வரையறுத்தது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? பொறியாளர் வரையும் ஒரு கோடு, ஆட்சியாளரின் கையொப்பம் பெற்றதும், நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பல இலட்சம் குடும்பங்களின் உணவைத் தீர்மானிக்கிறது. மைசூர்த் திவான் மைசூரின் நலன் நாடியதில் குற்றமில்லை. எனினும் ஆற்றின் கடைசி வயலில் நிற்பவனும் அந்தக் கணக்கில் ஓர் இலக்கம் என்பதை அணை கட்டுவோர் மறந்துவிடலாகாது.

தகுதி என்னும் பயிர்

1918-இல் அவர் திவான் பதவியைத் துறந்தார். அரசுப் பணிகளில் முஸ்லிம்கள் உள்ளிட்ட பின்தங்கிய சமுதாயத்தினருக்குப் போதிய இடமில்லை என்ற முறையீட்டின் பேரில், மகாராஜா அவ்வாண்டில் மில்லர் குழுவை அமைத்தார். தகுதியும் கல்வியுமே அளவுகோலாக இருக்க வேண்டும் என்பது திவானின் கொள்கை. மகாராஜாவுடன் ஏற்பட்ட இந்தக் கருத்து வேறுபாடே அவருடைய விலகலுக்கு முக்கிய காரணமாகக் கூறப்படுகிறது.

அவருடைய நேர்மையை மதிக்கும் நாம், இங்கே அவரிடமிருந்து மாறுபடுகிறோம். தந்தையை இழந்த ஒரு மாணவனை அரசின் உதவித்தொகையன்றோ புனேக்கு அனுப்பியது? தகுதி என்பது தானே முளைக்கும் பயிரன்று. அதற்கும் வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்ச வேண்டும். தமிழகத்தில் 2007-இல் முஸ்லிம்களுக்கு வழங்கப்பட்ட 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு அத்தகைய வாய்க்கால்களுள் ஒன்று. வாய்க்கால் வந்தபின் உழுது விதைப்பது நம் பொறுப்பு. ஒதுக்கீட்டைப் பெற்றுவிட்டுப் படிப்பில் அசட்டையாக இருப்போமானால், குறை நம்முடையதே.

பெற்றோரே, எண்ணிப் பாருங்கள்! மயிலாடுதுறை 2020-இல் தனி மாவட்டமாயிற்று. வாய்க்கால் தூர்வாரும் மதிப்பீடும், நெல் கொள்முதல் நிலையத்தில் மழையில் நனையும் மூட்டைகளும், கடலோரத்தில் உவர்ப்பாகும் நிலத்தடி நீரும் ஆட்சியரின் மேசைக்கே வருகின்றன. மதகின் மட்டம் அறிந்த ஒருவர் அந்த மேசையில் அமர்ந்தால், கோப்பில் உள்ள கணக்கு மெய்யா பொய்யா என்பதை அவரே கண்டுகொள்வார்.

அந்தச் சகோதரரிடம் முடிவாகச் சொன்னேன்: “படிப்பு வீணாகாது, பாய். ஆனால் பதவி ஓர் அமானிதம். எந்த நாற்காலியில் அமர்ந்தாலும் உங்கள் வயலின் மடையை மறக்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லி வையுங்கள்.”

அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பின்னர், “இந்த வருடம் குறுவைக்குத் தண்ணீர் எங்கள் மடை வரை வரவில்லை, ஹஜ்ரத். முதலில் அதை எழுதிப் பழகச் சொல்கிறேன், இன்ஷா அல்லாஹ்” என்று கூறிப் பேருந்தில் ஏறினார்.