மேம்பாலம் ஏற எந்த சைக்கிள்?

"அத்தை, இந்த மாசத்தோட வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்."

மருமகள் இப்படிச் சொன்னதும் எனக்குத் திக்கென்றது. பேத்திக்கு ஒன்பது மாதம். அதுதான் காரணமாக்கும் என்று நினைத்தேன். இல்லையாம், மேம்பாலமாம்!

நாங்கள் இருப்பது சேலையூர். அவளுக்கு வேலை தாம்பரம் சானடோரியத்தில், மெப்ஸில். (1984-ல் ஆரம்பித்த ஏற்றுமதி வளாகம். நம் பக்கத்துப் பெண்கள் எத்தனை பேருக்குச் சோறு போடுகிறது!) தூரம் சுமார் ஐந்து கிலோமீட்டர்தான். நடுவில் ரயில் பாதை இருப்பதுதான் வம்பு. பஸ் பிடித்து, ஸ்டேஷன் படி ஏறி இறங்கி, மின்சார ரயிலில் ஒரே ஒரு ஸ்டேஷன் போய்ச் சேர முக்கால் மணி ஆகிறது, சில நாள் ஒரு மணி. 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை, நிஜம்தான். ஆனால் நிற்கிற நேரத்துக்கு யார் கணக்குப் போடுவது? வீட்டில் குழந்தை அழுகிற நேரமல்லவா அது!

கல்யாணத்துக்கு முன்பு வாங்கிய லேடீஸ் சைக்கிளில் போய்ப் பார்த்தாள். சமதரையில் சுகமாக இருந்ததாம். மேம்பாலத்தில் பாதியில் இறங்கித் தள்ளவேண்டியதாயிற்று. பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிக்க, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டதாம்.

"எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கிடலாமே" என்றான் என் மகன். மாமியாரும் மருமகளுமாகக் கடைக்குக் கிளம்பினோம்.

கடைப் பையன் முதலில் காட்டியது தடித்த டயர் போட்ட வண்டி. "மிதிக்கவே வேணாம்மா, ஆக்ஸிலேட்டரைத் திருகினா போதும்!" என்றான். "வழியில சார்ஜ் தீர்ந்து போச்சுன்னா?" என்று கேட்டேன். சிரித்தான். சுவிட்சை அணைக்கச் சொல்லி, அப்படியே ஒரு சுற்று மிதித்து வரச் சொன்னேன் மருமகளை. நாலு கடை தாண்டுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்தால் சும்மாவா? சாதாரண சைக்கிளைவிட ஐந்து கிலோ, பத்து கிலோ கூடிவிடுகிறது. என்னைக் கேட்டால், மற்ற எதைப் பார்ப்பதற்கும் முன்னால் இந்தச் சோதனையைத்தான் செய்யவேண்டும். செத்த பேட்டரியோடு வீடு வந்து சேர முடியாத வண்டி நமக்கு வேண்டாம்.

இன்னொரு வகை இருக்கிறது. நாம் மிதித்தால்தான் மோட்டார் துணைக்கு வரும், நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். ஏற்றத்தில் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கிறதாம். உடம்புக்கும் இதுவே நல்லது. வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். போக வர நாற்பது நிமிஷம் மிதித்தால், நாலே நாளில் கணக்கு முடிந்தது! (பிள்ளை பெற்றவர்கள், முக்கியமாக சிசேரியன் ஆனவர்கள், டாக்டரம்மாவைக் கேட்ட பிறகுதான் சைக்கிளைத் தொடவேண்டும். நாங்களும் கேட்டோம்.)

250 வாட்ஸுக்கு உட்பட்ட மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம் என்றால் லைசென்ஸும் வேண்டாம், நம்பர் பிளேட்டும் வேண்டாம். அதற்கு மேல் போகிற வண்டியையும் "லைசென்ஸ் வேணாம்மா" என்று தலையில் கட்டுவார்கள். காகிதத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஹெல்மெட் எதற்கும் போடலாம். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிவிட்டு ஏறுங்கள்.

விலைதான் இடிக்கிறது. நல்ல லேடீஸ் சைக்கிள் 10,000 ரூபாய்க்குள் கிடைக்கும். மின்சார சைக்கிளுக்கு 25,000-க்கு மேல் எடுத்து வைக்கவேண்டும், சில வருஷத்தில் புது பேட்டரிச் செலவு வேறு. கரண்டுக்குப் பயப்பட வேண்டாம். சின்ன பேட்டரியை ஒருமுறை நிரப்ப, கிரைண்டரில் ஒரு ஈடு மாவு அரைக்கிற கரண்டுதான் ஆகும். அதனால் வழியில் ஏற்றமே இல்லாமல் மார்க்கெட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய் வருகிறவர்கள் பணத்தை வீணாக்காதீர்கள், சாதாரண சைக்கிளே ராணி. முழங்கால் வலிக்கிறதா? முதலில் சீட்டை உயர்த்திப் பாருங்கள். மிதிகட்டை கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டிருக்கவேண்டும். தாழ்ந்த சீட்டுதான் பாதி முழங்கால் வலிக்குக் காரணம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருந்துவிட்டேன். 2022 மார்ச்சில் வேலூரில், இரவு சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் ஒரு தகப்பனாரும் மகளும் இறந்துபோனார்கள். சைக்கிள் பேட்டரி சின்னதுதான், ஆனால் அதுவும் லித்தியம் ஜாதிதானே. எங்கள் வீட்டில் ராத்திரி சார்ஜ் கிடையாது. படுக்கையறையிலும் வாசற்படி ஓரத்திலும் கூடவே கூடாது. வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் சொருகுவதில்லை. பேட்டரி தனியே கழன்று வருவதாகப் பார்த்து வாங்கினோம். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று சொல்லவேண்டாம். தண்ணீர் ஏறினால் பேட்டரியையாவது பரண்மேல் வைக்கலாம்.

மருமகள் வேலையை விடவில்லை. சாயங்காலம் இருபது நிமிஷத்தில் வந்துவிடுகிறாள். பேத்தி அந்தச் சத்தமில்லாத வண்டியின் மணியை மட்டும் எப்படியோ தெரிந்துவைத்துக்கொண்டு வாசலுக்குத் தவழ்கிறது.

பழைய சைக்கிளை விற்கவில்லை. காம்ப் ரோடில் காய் வாங்க அதில் நான்தான் போகிறேன்.